காரின் குறையே கருவியைக் காட்டிய பட்டறை: ஓய்வுக்காலத்தில் ஸ்லாட் கார் கட்டும் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஸ்லாட் கார் என்பது, பாதையில் வெட்டப்பட்ட பள்ளத்துக்குள் ஒரு சிறு நாக்கை இறக்கி, பள்ளத்தின் இருபுறமும் பதிந்திருக்கும் உலோகப் பட்டைகளிலிருந்து மின்சாரம் வாங்கிக்கொண்டு ஓடும் மாதிரிப் பந்தயக் கார். ஓட்டுபவர் கையில் இருப்பது வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஒரு விசைப்பிடி மட்டுமே. வளைவில் காரைத் திருப்புவது பள்ளத்தின் வேலை. ஆகவே ஓட்டும் திறமைக்கு நிகராக, சில வேளைகளில் அதற்கும் மேலாக, காரைக் கட்டிய கையின் நேர்த்திதான் வெற்றியை முடிவு செய்கிறது. உண்மைக் காரின் 24-இல் ஒரு பங்கு, 32-இல் ஒரு பங்கு என்ற இரண்டு அளவுகளில்தான் பெரும்பாலும் கையால் கட்டுகிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் இந்தக் கார்களைக் கட்டுவதற்கென்றே தனியான கருவிகள் இருக்கின்றன. அவற்றைத் தேடிச் சேர்ப்பது ஓய்வுபெற்ற பலருக்கு, கார் கட்டுவதைப் போலவே பெரும் ஈடுபாடாகிவிடுகிறது.

இந்த ஆய்வுக்குரியவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவை ஒட்டிய புறநகர் ஒன்றில் வசிக்கிறார். எழுபது வயதைக் கடந்தவர். தொலைபேசி நிறுவனம் ஒன்றில் எக்ஸ்சேஞ்ச் பராமரிப்புத் தொழில்நுட்பராக இருந்து ஓய்வுபெற்றவர். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கு 'அவர்' என்றே எழுதுகிறேன். வீட்டின் நிலவறையில் அமைந்த அவருடைய பட்டறையில் பல சனிக்கிழமைகள் அருகில் உட்கார்ந்து வேலையைக் கவனித்திருக்கிறேன். ஓய்வுக்காலத்தில் கருவி வாங்கிக் குவித்தவர்கள் வேறு சிலரையும் அறிவேன். அவர்களுடைய கருவிகளில் பாதி உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கின்றன. இவருடைய கருவிகளோ அநேகமாக எல்லாமே கைபட்டுப் பளபளக்கின்றன. இந்த வேறுபாடு எதனால் வந்தது என்பதை விளங்கிக்கொள்வதே இந்த ஆய்வின் நோக்கம்.

பின்னணி

இங்கிலாந்தில் ஃபிரெட் ஃபிரான்சிஸ் 1957-இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற ஸ்லாட் கார் தொகுப்பை அறிமுகப்படுத்தியபோது அது வீட்டுக் கூடத்தில் ஓடும் விளையாட்டுப் பொருளாக இருந்தது. அமெரிக்காவில் 1960-களின் நடுப்பகுதியில் அதன் தோற்றமே மாறியது. கடைத்தெருக்களில் எட்டுத் தடங்கள் கொண்ட பெரிய மரப்பாதைகளை அமைத்து, மணிக்கணக்கில் வாடகை வாங்கும் பந்தயக் கூடங்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. இல்லினாயின் மார்ட்டன் குரோவில் இருந்த மோனோகிராம், கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் இருந்த காக்ஸ், வெனிஸில் இருந்த ரெவெல் ஆகிய மாதிரிப் பொருள் நிறுவனங்கள் எல்லாம் ஸ்லாட் கார் தயாரிப்பில் இறங்கின. அந்த அலை சில ஆண்டுகளிலேயே வடிந்துவிட்டது. 1960-கள் முடிவதற்குள் பெரும்பாலான கூடங்கள் மூடப்பட்டன, பெரிய நிறுவனங்களும் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன.

அந்த அலையின் உச்சத்தில் பதின்வயதில் இருந்தவர்கள்தான் இன்று எழுபதைத் தொட்டிருக்கும் ஓய்வூதியர்கள். கைச்செலவுக் காசில் அன்று வாங்க முடியாமல் போன கருவியை இன்று வாங்க முடிகிறது என்பது இந்த ஈடுபாட்டுக்கு ஒரு காரணம். அந்த ஏக்கத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் பெரிய நிறுவனங்கள் விலகியதால் ஏற்பட்ட மற்றொரு விளைவும் இருக்கிறது. ஸ்லாட் காருக்கென்றே ஆன கருவிகளை இன்று செய்பவர்கள் பெரும்பாலும் தனி ஆட்களோ மிகச் சிறு பட்டறைகளோதான். ஒரு முறை கொஞ்சம் செய்வார்கள், தீர்ந்தால் அடுத்து எப்போது செய்வார்கள் என்று சொல்ல முடியாது. செய்தவர் காலமானால் கருவியும் அவரோடு நின்றுபோகும். ஸ்லோவாக்கியாவின் டிரென்சீன் நகரில் இயங்கும் ஹூடி போன்ற, இன்று ரேடியோவால் இயக்கும் மாதிரிக் கார் உலகில் பெரிதும் அறியப்பட்ட நிறுவனங்கள் விதிவிலக்கு. எனவே கண்ணில் பட்டபோதே வாங்கிவிட வேண்டும் என்ற பதற்றம் இந்தத் துறையில் எல்லாருக்கும் உண்டு. அந்தப் பதற்றம்தான் அலமாரியை நிரப்புகிறது.

அவர் தமக்கென்று ஒரு விதியை வைத்துக்கொண்டார். கடைசியாக வாங்கிய கருவியைக் கொண்டு ஒரு கார் கட்டி முடித்து, அது பாதையில் ஓடி, அந்த ஓட்டத்தில் ஒரு குறை தெரிந்த பிறகுதான் அடுத்த கருவி. அந்தக் குறையை நீக்கும் கருவி எதுவோ அதுதான் அடுத்தது. கைநழுவிப் போகும் அரிய பொருளாக இருந்தாலும் இந்த விதியை அவர் தளர்த்தவில்லை. அதனால் சில நல்ல கருவிகளை இழந்தும் இருக்கிறார்.

ஜிக்கும் சால்டரும்

கையால் கட்டும் காரின் உயிர் அதன் சேசிஸ், அதாவது அடிச்சட்டம். பித்தளைத் தகடு, பித்தளைக் குழாய், பியானோ கம்பி எனப்படும் உறுதியான எஃகுக் கம்பி ஆகியவற்றைச் சால்டர் (உருக்கி ஒட்டும் ஈயக் கலவை) வைத்து இணைத்து அதை உருவாக்குகிறார்கள். பின்னச்சு சுழலும் குழாய், மோட்டாரைத் தாங்கும் பிடிப்பு, நீளவாட்டில் ஓடும் கம்பிகள், பக்கவாட்டில் தொங்கும் பித்தளைத் தட்டுகள், முன்னால் நாக்கைத் தாங்கும் நீட்டம் எல்லாம் ஒரே தளத்தில், ஒரே நடுக்கோட்டில் அமைய வேண்டும். நாற்பது ஆண்டுகள் சால்டரிங் இரும்பைப் பிடித்த கை என்பதால், இந்த வேலை தமக்கு இயல்பாக வந்துவிடும் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை.

அவருடைய முதல் சேசிஸ் சமையலறை மேசையில், கண்ணளவில் கட்டப்பட்டது. இணைப்புகள் பார்க்க அழகாக இருந்தன. ஆனால் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஒரு மூலையைத் தட்டினால் எதிர்மூலை எழும்பியது. பாதையில் அந்தக் கார் இடப்பக்க வளைவுகளில் நன்றாகவும் வலப்பக்க வளைவுகளில் வழுக்கியும் ஓடியது. அந்தக் குறைக்கு மருந்து ஜிக் என்பது தெளிவானதும், அவர் வாங்கிய முதல் சிறப்புக் கருவி அதுவாயிற்று.

ஜிக் என்பது சமமாகக் கடைந்த ஒரு தட்டைப் பலகை. நடுக்கோடும் குறுக்குக் கோடுகளும் பொறிக்கப்பட்டிருக்கும். வரிசையாகத் துளைகள் இருக்கும், அவற்றில் எஃகு ஊசிகளைச் செருகிக் கம்பிகளை நிறுத்தலாம். சக்கரத்தின் ஆர உயரத்தில் அச்சைத் தாங்கும் இரண்டு கட்டைகள் உண்டு. இன்ன உயரத்தில், இன்ன தூரத்தில், நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக என்று அச்சின் இடத்தை அவை பிடித்து வைக்கின்றன. அவருடைய முதல் ஜிக் அலுமினியத்தால் ஆனது. அது சூட்டை வேகமாக உறிஞ்சிக்கொண்டதால் சால்டர் பரவாமல் உறைந்து நின்றது. பிறகு, சூட்டைக் கடத்தாத செயற்கைக்கல் பலகையில் செய்த ஜிக்குக்கு மாறினார். அலுமினியப் பலகையை இப்போது அளவு சரிபார்க்க மட்டும் பயன்படுத்துகிறார். அதன் தட்டைத்தன்மை எள்ளளவும் குறையவில்லை.

ஜிக் வந்த பிறகும் ஒரு சிக்கல் தொடர்ந்தது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கருவி இருந்தும் பயன் கிடைக்காத பலரின் நிலை இதுதான். பியானோ கம்பி வில்லைப் போன்ற எஃகு. சற்றே வளைந்த கம்பியை ஊசிகளுக்கு இடையே அழுத்தி நேராக்கிப் பிடித்துச் சால்டர் வைத்தால், ஊசிகளைப் பிடுங்கியதும் அது தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும், சேசிஸ் முழுவதும் முறுக்கிக்கொள்ளும். ஆகவே கம்பியை முதலில் கையில் வைத்தே வளைத்து நிமிர்த்தி, ஊசிகளின் துணையின்றியே பலகையில் படிந்து கிடக்கும்வரை சரிசெய்ய வேண்டும். ஊசி கம்பியை நகராமல் காக்கலாமே தவிர, வளைக்கக் கூடாது. அவர் இன்று ஒரு கம்பியை இடும்போது விரல் நுனியால் அதன் இரு முனைகளையும் மாறி மாறித் தொட்டுப் பார்க்கிறார். முனை துள்ளினால் கம்பியை எடுத்து மறுபடியும் நிமிர்த்துகிறார்.

பழைய தொழிலின் பழக்கம் ஒன்றையும் அவர் விட வேண்டியிருந்தது. தொலைபேசிக் கம்பிகளுக்குப் பயன்படும் ரோசின் ஃபிளக்ஸ் (ஃபிளக்ஸ் என்பது சால்டர் பிடிக்கும்படி உலோகப் பரப்பைத் தூய்மையாக்கும் பொருள், ரோசின் ஒரு பிசின்) எஃகுக் கம்பியில் பிடிக்காது, சால்டர் உருண்டையாகத் திரண்டு நிற்கும். எஃகுக்கு அமில ஃபிளக்ஸ் வேண்டும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகிச் சட்டென்று உறையும். அதை அமில ஃபிளக்ஸோடு பயன்படுத்தினால் கம்பியும் பித்தளையும் சந்திக்கும் மூலையில் அது நீர்போல் ஓடி அமர்கிறது. வேலை முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் சேசிஸைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் சில நாளில் பச்சைப் படிவும் துருவும் வந்துவிடும். மோட்டாரின் மின்கம்பிகளுக்கு மட்டும் பழைய ரோசின்தான், அமிலத்தை அதன் அருகில் கொண்டுபோகக் கூடாது.

பல்சக்கரங்களின் இரைச்சலும் ஜிக்கோடு சேர்ந்த விஷயம்தான். மோட்டாரைப் பின்னச்சுக்கு இணையாக வைக்கும் அமைப்பில், மோட்டார் தண்டுக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தைப் பற்களின் எண்ணிக்கையே தீர்மானித்துவிடுகிறது. 64 பிட்ச் (விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு 64 பல்) வகையில் 12 பல் பினியனும் (மோட்டார் தண்டில் இருக்கும் சிறு பல்சக்கரம்) 36 பல் சக்கரமும் போட்டால், இரண்டையும் கூட்டி 64-இன் இரு மடங்கான 128-ஆல் வகுக்க வேண்டும். 48-ஐ 128-ஆல் வகுத்தால் எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.525 மில்லிமீட்டர். சந்தையில் கிடைக்கும் பினியனை மாற்றி ஒரு பல் கூட்டினாலே இந்தத் தூரம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கண்ணளவில் இதைப் பிடிக்க முடியாது. அவர் ஒவ்வொரு பல் சேர்க்கைக்கும் உரிய தூரத்தில் இரண்டு துளைகள் இட்ட சிறு பித்தளைத் தகடுகளைத் தாமே செய்து, ஒவ்வொன்றிலும் எண்ணைப் பொறித்து வைத்திருக்கிறார். மோட்டாரைச் சால்டர் வைக்கும்போது அந்தத் தகடு இரு தண்டுகளையும் பிடித்துக்கொள்கிறது. வாங்கிய எந்தக் கருவிக்கும் இவை குறைந்தவை அல்ல என்பது என் கருத்து.

டயரின் வட்டம்

ஜிக்கில் கட்டிய முதல் கார் நேராக ஓடியது, ஆனால் நேர்த்தடத்தின் கடைசியில் அதன் பின்பகுதி அதிர்ந்து துள்ளியது. காரணம் டயர். நுரை ரப்பர் வளையத்தை அலுமினியச் சக்கரத்தில் ஒட்டித்தான் இந்த டயர்கள் உருவாகின்றன. ஒட்டிய நிலையில் அவை வட்டமாக இருப்பதே இல்லை. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரின் சுற்றளவு ஏறத்தாழ 63 மில்லிமீட்டர். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் காரில் அது வினாடிக்குச் சுமார் 80 முறை சுழல்கிறது. டயரில் ஓரிடத்தில் ஒரு மயிரிழை தடிப்பு இருந்தாலும் அது வினாடிக்கு 80 தடவை பாதையை மிதிக்கிறது என்று பொருள்.

டயரை வட்டமாக்கும் இயந்திரத்தில், சக்கரங்கள் பூட்டிய அச்சை ஒரு மோட்டார் சுழற்ற, எமரித் தாள் சுற்றிய உருளையைத் திருகாணி கொண்டு இழை இழையாக நெருங்கவிட்டுத் தேய்க்கிறார்கள். மலிவான வகைகளில் உருளையும் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதில்லை. டயர் வட்டமாகிவிடும், ஆனால் ஒரு பக்கம் பெருத்துக் கூம்பாகிவிடும். கூம்பான டயர் துள்ளாது, அதற்குப் பதிலாக ஓரத்தில் மட்டும் தரையைப் பிடிக்கும். அவர் வாங்கியது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட, கனமான அடித்தளம் கொண்ட இயந்திரம். வாங்கும் முன் அதில் ஒரு நேரான எஃகுத் தண்டைப் பூட்டி, உருளைக்கும் தண்டுக்கும் இடையே இரு முனைகளிலும் ஒரே தடிமனுள்ள அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்த்தார். விற்பவர் முன்னால் இந்தச் சோதனையைச் செய்யக் கூச்சப்படத் தேவையில்லை, நல்ல கருவியை விற்பவர் அதை மகிழ்ச்சியோடு அனுமதிப்பார்.

அதிகமாக அழுத்தித் தேய்த்தால் ரப்பர் சூடாகி மேற்பரப்பு பளபளப்பேறிப் பிடிமானம் போய்விடும். மெல்லிய தேய்ப்பு, நடுவே ஓய்வு, மறுபடியும் தேய்ப்பு என்பதே முறை. ஓரங்களைச் சற்றே உருட்டிவிடுவதும் இந்த இயந்திரத்திலேயே நடக்கிறது.

மோட்டாரும் லேத்தும்

அடுத்து வந்தது மோட்டாரின் குறை. சில மாலைகள் நன்றாக ஓடிய மோட்டார் சூடேறிப் பொறி கக்கத் தொடங்கியது. மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள் பகுதியான ஆர்மேச்சரின் ஒரு முனையில் இருக்கும் கம்யூட்டேட்டர் என்பது கார்பன் பிரஷ் உரசும் செம்பு உருளை. பொறியாலும் உரசலாலும் அது நாளடைவில் வட்டம் குலைகிறது. வட்டம் குலைந்த செம்பின் மேல் பிரஷ் குதிக்கிறது, குதிக்கும்போது மேலும் பொறி எழுகிறது. அதை மீண்டும் வட்டமாகக் கடைவதற்கென்றே கம்யூட்டேட்டர் லேத் என்ற சிறு கடைசல் பொறி இருக்கிறது. ஆர்மேச்சரின் தண்டு இரண்டு V வடிவத் தாங்கிகளில் கிடக்க, ஒரு ரப்பர் வார் அதைச் சுழற்ற, வைர முனை கொண்ட வெட்டுளி செம்பைத் தலைமுடியை விட மெல்லிய இழைகளாகச் சீவுகிறது. தண்டு தன் சொந்தப் பரப்பின் மேலேயே சுழல்வதால், சாதாரண லேத்தின் பிடியில் வரும் ஆட்டம் இதில் வருவதில்லை. அளவு மீறிச் சீவினால் செம்பு மெலிந்து ஆர்மேச்சர் வீணாகிவிடும். சீவிய பிறகு செம்புத் துண்டுகளுக்கு இடையே உள்ள பிளவுகளில் தங்கிய துகளை நீக்காமல் விட்டால் மின்சாரம் குறுக்கே பாயும். இந்தக் கருவிதான் அவர் வாங்கியவற்றில் மிக அதிக விலையுள்ளது. அதே சமயம், பந்தயக் கூடத்துக்கு வரும் மற்றவர்கள் அதிகம் நாடி வருவதும் இதைத்தான்.

பொதுவான சிறு லேத் கடைசியில்தான் வந்தது. பலர் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள், ஏனென்றால் பட்டறை என்றாலே லேத் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஸ்லாட் கார் கட்டுபவருக்கு அது தேவைப்படுவது அச்சு இடைவளையங்கள், சக்கர உட்பகுதிகள், அச்சைத் தாங்கும் சிறு புஷ்கள் ஆகியவற்றைத் தாமே கடைய விரும்பும்போது மட்டும்தான். ஆஸ்திரியாவின் எம்கோ நிறுவனம் 1950-களிலிருந்து செய்த யுனிமேட் லேத்தின் மீது அவருக்குச் சிறு வயதிலிருந்தே ஆசை. மேசைமேல் அடங்கும் அந்தப் பொறியின் தலைப்பகுதியை நிமிர்த்தித் துளையிடவும் அரைக்கவும் பயன்படுத்தலாம். ஆயினும் பழைய பொறியின் உதிரிப் பாகங்களைத் தேடி அலைவதில் ஓய்வுக்காலம் கழிந்துவிடும் என்று கணக்கிட்டு, கலிஃபோர்னியாவில் இன்றும் தயாராகும் ஷெர்லைன் லேத்தை வாங்கினார். உணர்வுக்கும் பயனுக்கும் இடையே அவர் செய்த இந்தத் தேர்வு சரியானது என்றே நான் கருதுகிறேன். பாகம் கிடைக்கும் பொறிதான் வேலை செய்யும் பொறி.

இவ்வளவுக்கும் நடுவே, அவர் கை அதிகம் தேடும் கருவி ஒரு சிறிய அறுகோணச் சாவி. அமெரிக்க வகைச் சக்கரங்களையும் பல்சக்கரங்களையும் அச்சில் இறுக்கும் 4-40 திருகாணிக்கு 0.050 அங்குலச் சாவி வேண்டும், அதாவது 1.27 மில்லிமீட்டர். மலிவான சாவியின் முனை மழுங்கினால் திருகாணியின் குழியும் மழுங்கிவிடும், பிறகு சக்கரத்தையே அறுத்தெடுக்க நேரிடும். கடினமாக்கப்பட்ட எஃகு முனையும், மாற்றிக்கொள்ளும் வசதியும் உள்ள சாவி ஒன்றுக்கு அவர் தயங்காமல் விலை கொடுத்தார். முனையில் சிறு மழுங்கல் தெரிந்தாலே மாற்றிவிடுகிறார்.

இடம் பிரித்த முறை

கருவிகள் ஒன்றையொன்று கெடுக்கும் என்பதை அவருடைய நிலவறை நன்கு காட்டுகிறது. அமில ஃபிளக்ஸின் ஆவி, அருகில் உள்ள எஃகுப் பரப்புகள் எல்லாவற்றிலும் துரு ஏற்றும். லேத்தின் பளபளப்பான சறுக்குப் பாதை முதலில் பாதிக்கப்படும். டயர் தேய்க்கும்போது பறக்கும் ரப்பர் தூசு எண்ணெய்ப் பரப்பில் ஒட்டிப் பசையாகும். பியானோ கம்பியைத் தேய்ப்புத் தகட்டால் அறுக்கும்போது சிதறும் எஃகுத் துகளை மோட்டாரின் காந்தம் இழுத்து உள்ளே சேர்த்துக்கொள்ளும்.

எனவே சால்டர் மேசை சன்னலோரத்தில், புகையை வெளியே தள்ளும் விசிறியின் அடியில் இருக்கிறது. டயர் இயந்திரமும் கம்பி அறுக்கும் இடமும் மாடிப்படிக்கு அப்பால், தூசு உறிஞ்சியின் குழாய் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மோட்டார் வேலைக்கும் லேத்துக்கும் எதிர்ச்சுவரில் தனி மேசை. இல்லினாயின் கோடையில் நிலவறை ஈரம் ஏறும் என்பதால் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அறுக்கும் தகடு உடைந்து தெறிக்கக்கூடியது. ஆகவே கண்ணாடி அணியாமல் அந்த மூலைக்குப் போவதில்லை. காரீயம் தொட்ட கையைக் கழுவாமல் காப்பிக் கோப்பையைத் தொடுவதில்லை. வயதானவர்களின் பட்டறையில் இந்தக் கட்டுப்பாடுகள் தளர்வதை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவற்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

மதிப்பீடு

அவர் வாங்காமல் விட்டவற்றையும் பதிவு செய்ய வேண்டும். மோட்டாரின் திறனை அளக்கும் டைனோவை அவர் வாங்கவில்லை. பந்தயக் கூடத்தில் அனைவருக்கும் ஒரே வகை மூடிய மோட்டார் என்ற பிரிவுகளில்தான் அவர் அதிகம் ஓட்டுகிறார், அங்கே ஒரு சுற்றின் நேரமே போதுமான அளவுகோல். காந்தங்களுக்கு மீண்டும் வலுவேற்றும் கருவியும் அவரிடம் இல்லை. தம் வயதையொத்த ஒருவரிடம் அது இருக்கிறது, அவருக்குக் கம்யூட்டேட்டர் லேத் தேவைப்படுகிறது. இருவரும் மாற்றிக்கொள்கிறார்கள். எல்லாக் கருவிகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும் என்ற எண்ணமே தேவையற்றது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அவருடைய வரிசையை அப்படியே மற்றவர்கள் பின்பற்ற முடியாது. சால்டரிங் பழக்கம் இல்லாத ஒருவருக்கு, ஜிக்குக்கு முன்னால் நல்ல வெப்பக் கட்டுப்பாடுள்ள சால்டரிங் நிலையமும் சில மாதப் பயிற்சியும் தேவைப்படும். பிளாஸ்டிக் பாதையில் வீட்டில் ஓட்டுபவருக்குக் கம்யூட்டேட்டர் லேத் எந்நாளும் தேவைப்படாமலே போகலாம். ஆனால் இந்த நிகழ்வில் நான் கண்ட ஒன்று எல்லாருக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன். வெட்டும் கருவிகளை விட, பிடிக்கும் கருவிகளும் அளக்கும் கருவிகளும் முதலில் வர வேண்டும். தட்டையான ஒரு பரப்பு, நேரான ஒரு தண்டு, நம்பத்தக்க ஒரு காலிப்பர் ஆகிய மூன்றும் இல்லாத பட்டறையில் விலையுயர்ந்த எந்தப் பொறியும் தன் தவறை மறைத்துக்கொள்ளவே உதவும்.

கருவிகளின் எதிர்காலம் குறித்தும் அவர் முடிவெடுத்திருக்கிறார். செய்தவர்கள் பலர் இன்று இல்லை, குறிப்பேடுகளும் கிடைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அட்டை எழுதி வைத்திருக்கிறார். எதற்குப் பயன்படுவது, செய்தவர் யார், எந்த வார், எந்த வெட்டுளி, எந்த எண்ணெய், என்ன குறை என்ற விவரங்கள் அதில் உள்ளன. பித்தளைத் தூரத் தகடுகளின் கணக்கும் அதே பெட்டியில் இருக்கிறது. தமக்குப் பின் எல்லாவற்றையும் மொத்தமாக விற்றுவிடாமல், ஜிக்கையும் அதன் ஊசிகளையும் தகடுகளையும் ஒரே தொகுப்பாகவும், கம்யூட்டேட்டர் லேத்தைப் பந்தயக் கூடத்தின் பொது மேசைக்கும் கொடுத்துவிட வேண்டும் என்று தம் மகளிடம் எழுத்தில் தந்திருக்கிறார். கூடத்தில் மோட்டார் வேலை பழகும் இளைஞர்கள் இருவர், இப்போதே அந்த அட்டையைப் பார்த்து, அவர் அருகில் இருக்க, தங்கள் ஆர்மேச்சர்களைச் சீவிக்கொள்கிறார்கள்.